நலமான குழந்தை மட்டுமா?

தத்தெடுக்க விரும்பும் தம்பதியர் இக்காலத்தில் முதலாவதாகச் செய்ய வேண்டியது, 'காரா' எனச் சுருக்கமாக வழங்கப்படும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் கணினிப் பதிவேட்டில் தம் பெயரைப் பதிவதாகும். 1990-இல் தோன்றிய அந்த அமைப்பு கேட்கும் செய்திகள் பல. வருமானம், வயது, உடல்நலம் ஆகியவற்றோடு, எத்தகைய குழந்தையை விரும்புகிறீர்கள் என்பதும் அவற்றுள் ஒன்று. எந்த வயதுக் குழந்தை, ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டு, நலமான குழந்தைதான் வேண்டுமா, சிறப்புத் தேவையுள்ள குழந்தையையும் ஏற்பீர்களா என்றும் கேட்கிறார்கள்.

கருவுற்றிருக்கும் தாயிடம் இறைவன் இவ்வாறு கேட்பதில்லை. தத்தெடுப்போரிடம் அரசு கேட்கிறது. கேட்பது முறையே, விருப்பமில்லாத வீட்டிற்குள் ஒரு குழந்தையை அனுப்புவது அக்குழந்தைக்கே தீங்காக முடியும். ஆயினும் கேள்வி கேட்கப்பட்டுவிட்ட பின், விடை சொல்லும் பொறுப்பு மனச்சான்றின் மேல் வந்து அமர்ந்துவிடுகிறது.

வீரபாண்டியில் பனியன் கம்பெனி வேலைக்குச் செல்லும் ஒரு தம்பதியர் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தனர். கணவர் ஓவர்லாக் டெய்லர். மனைவி செக்கிங் பிரிவில் இருக்கிறார். மணமாகிப் பல ஆண்டுகள் கடந்தும் குழந்தையில்லை. மருத்துவத்திற்கு வாங்கிய கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை. "சாமி, நல்லா இருக்கிற பிள்ளை மட்டும் போதும்னு எழுதுனா அது பாவமுங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்கப்பட்டதன்று. கோவில் முற்றத்தில், பலர் நடமாடும் இடத்தில் கேட்கப்பட்டது. அவர்களுடைய இசைவைப் பெற்றே இங்கு எழுதுகிறேன்.

"பாவமில்லை, போய் எழுதுங்கள்" என்று சொல்லி அனுப்புவது எளிது. "சிலுவையை மறுக்கிறீர்களா?" என்று கடிந்துகொள்வதும் எளிதே. மணமாகாத குருவாகிய நான், வளவு வீட்டில் ஒற்றை அறையில் வாழும் ஒரு குடும்பத்தின் தோளில் எதை ஏற்றுகிறேன் என்று பாராமல் ஏற்றிவிடலாகாது. தாம் ஒரு விரலாலும் தொடாத சுமைகளை மக்கள் மேல் சுமத்தியவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பதை நற்செய்தி வாசிப்போர் அறிவர். எனவே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம்.

அந்தப் பெண் பயன்படுத்திய 'பாவம்' என்ற சொல்லையே முதலில் நோக்குவோம். தமிழில் அச்சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. குறையுள்ள குழந்தையைக் கண்டதும் ஒருவர், "என்ன பாவம் செய்தார்களோ!" என்பார், அடுத்தவர், "பாவம், அந்தக் குழந்தை!" என்பார். முதல் கூற்று குற்றம் சாட்டுகிறது. இரண்டாவது இரக்கம் காட்டுகிறது. ஆனால் இரண்டுமே அக்குழந்தையை நம்மிடமிருந்து தள்ளி வைத்துவிடுகின்றன. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதரைச் சுட்டிக்காட்டிச் சீடர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: பாவம் செய்தவர் இவரா, இவருடைய பெற்றோரா? இயேசு இரண்டையும் மறுத்தார். இத்தனை தெளிவாக ஆண்டவர் மறுத்துவிட்ட ஒரு கருத்து, இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் வாழ்ந்துகொண்டிருப்பது வியப்புக்குரியது. 'முன்வினை' என்ற சொல்லை நாம் கைவிட்டோம். 'சாபம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டோம். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தையின் தாயிடம், மாமியார் வழியில் யாரோ விட்ட சாபம் என்று செபக்கூட்டத்தில் வைத்தே சொல்லப்படுவதுண்டு.

இன்னொரு வகை ஆறுதலையும் நான் ஐயத்தோடுதான் நோக்குகிறேன். "உங்களால் தாங்க முடியும் என்பதால்தான் கடவுள் இந்தப் பிள்ளையை உங்களுக்குக் கொடுத்தார்" என்பார்கள். சொல்பவரின் எண்ணம் நல்லதே. ஆனால் இரவெல்லாம் உறங்காத தாய்க்கு அதன் பொருள் என்ன? தாங்க முடியாதவள் போல் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்பதா? அவள் அழுவதற்கிருந்த உரிமையையும் அந்தப் பாராட்டு பறித்துக்கொள்கிறது.

'குறை' என்பது என்ன என்று யார் முடிவு செய்கிறார்கள்? 1992-இல் தமிழ்நாடு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பெண் சிசுக்களைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் இட்டுச் செல்லுங்கள் என்று அரசே கெஞ்ச வேண்டியிருந்த காலம் அது. 2001-இல் ஈரோடு, நாமக்கல், தருமபுரி முதலிய மாவட்டங்களுக்கும் அத்திட்டம் விரிந்தது. திருப்பூர் மாவட்டம் 2009-இல் பிறப்பதற்கு முன், இன்று இம்மாவட்டத்தில் அடங்கிய சில வட்டங்கள் ஈரோட்டைச் சேர்ந்தவையே. ஆகவே இது ஏதோ தொலைவில் நடந்த கதையன்று. அத்தொட்டிலில் இடப்பட்ட குழந்தைகளுக்குக் கையில் குறையில்லை, காலில் குறையில்லை. பெண் என்பதே குறை. இன்றோ நாட்டில் தத்தெடுக்கப்படும் குழந்தைகளுள் பெண் குழந்தைகளே மிகுதி. ஒரு தலைமுறைக்குள் மனம் மாறியிருக்கிறது. அன்று 'வேண்டாம்' என்றவர்களும் நம்மைப் போன்றவர்களே, 'பிழைப்பது எப்படி?' என்ற அச்சம் அவர்களுக்கும் உண்மையானதே. மாறியது குழந்தையன்று.

தத்தெடுப்பு என்பதே நம் விசுவாசத்தின் மையத்தில் இருக்கும் சொல் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். திருத்தூதர் பவுல் உரோமையருக்கும் கலாத்தியருக்கும் எழுதியபோது, நாம் கடவுளின் பிள்ளைகளான விதத்தைக் குறிக்க உரோமைச் சட்டத்தில் வழங்கிய தத்தெடுப்புச் சொல்லையே எடுத்தாண்டார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது 'புத்திர சுவிகாரம்' என வந்தது. உரோமையர் தத்தெடுத்தது பெரும்பாலும் குழந்தைகளையன்று. சொத்தையும் பெயரையும் குலதெய்வ வழிபாட்டையும் காக்கத் தகுந்த, வளர்ந்த ஆண்மக்களை. ஜூலியஸ் சீசர் தம் உயிலால் ஒக்டேவியனை மகனாக்கினார். அவரே பின்னர் அகுஸ்து சீசர். அவரும் திபேரியுவைத் தத்தெடுத்தார். தகுதி பார்த்து எடுப்பது அவர்கள் வழக்கம். குறையோடு பிறந்த சிசுவை விரைவில் கொன்றுவிட வேண்டும் என்று அவர்களுடைய பன்னிரு பலகைச் சட்டம் கூறியதாக சிசெரோ குறிப்பிடுகிறார். அத்தகைய உலகிலிருந்து பவுல் அந்தச் சொல்லை எடுத்து, தகுதி ஏதும் இல்லாத நம்மைக் கடவுள் மகன்களாகவும் மகள்களாகவும் எடுத்துக்கொண்டார் என்று எழுதினார். கேட்டவர்களுக்கு அது எவ்வளவு புதுமையாக ஒலித்திருக்க வேண்டும்!

அந்த அகுஸ்து சீசரின் கட்டளையால்தான் சூசையப்பர் நிறைமாதக் கர்ப்பிணியான மரியாவோடு பெத்லகேமுக்குச் சென்றார் என்கிறார் லூக்கா. தத்தெடுக்கப்பட்டதனால் பேரரசரான ஒருவரின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து, தமக்குப் பிறவாத பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்ற ஒரு தச்சர் நடந்து போகிறார். மத்தேயு எழுதிய தலைமுறை அட்டவணையை நோக்குங்கள். தாவீதிலிருந்து இறங்கி வரும் அவ்வரிசை சூசையப்பரிடம் வந்து சேர்கிறது. இயேசு தாவீதின் மகன் என்பது, சூசையப்பர் அவருக்குப் பெயரிட்டுத் தம் மகனாக ஏற்றதனால் நிலைபெற்ற உரிமை. இரத்தம்தான் உறவு என்று வாதிடும் கத்தோலிக்கர் இவ்விடத்தில் சற்றுத் தயங்க வேண்டும். வீரமாமுனிவர் 1726-இல் நிறைவு செய்த தேம்பாவணியில், மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களுக்குப் பாட்டுடைத் தலைவராக அமர்ந்திருப்பவர் 'வளன்' என்னும் சூசையப்பர். அதாவது ஒரு வளர்ப்புத் தந்தை.

இவ்வளவு பெருமையுடைய ஒன்றை இந்தியக் கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் சட்டப்படி செய்ய முடியாமல் இருந்தனர் என்பது பலருக்குத் தெரியாது. 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கும், அச்சட்டம் இந்துக்களோடு சேர்த்தெண்ணிய பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் மட்டுமே உரியது. கிறிஸ்தவர், இசுலாமியர், பார்சியர் ஆகியோருக்கு எஞ்சியிருந்தது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். அதன்படி அவர்கள் பெற்றோர் ஆக முடியாது; பிள்ளை வயதுக்கு வரும்வரை காப்பாளராக மட்டுமே இருக்கலாம். எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான ஒரு மசோதா 1972-இல் கொண்டுவரப்பட்டும் சட்டமாகவில்லை.

இதில் திருச்சபைக்கும் ஓர் இக்கட்டு இருந்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 110-ஆம் சட்டம், நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டோரைத் தத்தெடுத்தவரின் பிள்ளைகளாகவே ஏற்கிறது. நாட்டுச் சட்டமோ கிறிஸ்தவருக்கு அவ்வழியைத் திறக்கவில்லை. ஆகவே ஒரு தாய் இருபது ஆண்டு நெஞ்சில் சுமந்து வளர்த்த மகள், சட்டத்தின் கண்ணில் அவளுக்கு யாரோ. உயில் எழுதாமல் பெற்றோர் இறந்தால், அடக்கச் சடங்கு முடிந்த மறுவாரமே சித்தப்பா மக்கள் வீட்டுப் பத்திரத்தோடு வந்து நிற்பார்கள். 1999-இல் கேரள உயர்நீதிமன்றம் ஒரு கிறிஸ்தவத் தம்பதியரின் தத்து மகனுக்குச் சொத்துரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது ஒரு விடிவு. 2000-ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டமும் 2006-இல் அதற்கு வந்த திருத்தமும் எல்லாச் சமயத்தாருக்கும் கதவைத் திறந்தன. 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. இன்று நடைமுறையில் உள்ள 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தத்தெடுக்கப்பட்ட பிள்ளை எல்லா வகையிலும் பெற்ற பிள்ளைக்கு நிகர். 2022 செப்டம்பர் முதல், ஆணையை நீதிமன்றம் அன்றி மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார்.

மருத்துவமனையிலிருந்தோ தெரிந்தவர் வழியாகவோ நேரடியாகக் குழந்தையை வாங்கி வருவது சட்டப்படி குற்றம். குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற இரண்டு மாத அவகாசத்தைச் சட்டம் தருகிறது. நேரடியாக வாங்கும்போது அந்த ஏழைத் தாயின் உரிமையே முதலில் களவு போகிறது. இதை அன்பியக் கூட்டங்களில் எடுத்துச் சொல்வது நலம்.

சட்டம் திறந்த கதவை நம் உள்ளம் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. தத்தெடுக்க விரும்புவோர் படிவத்தில் எழுத முடியாத ஒரு கேள்வியைப் பங்குத்தந்தையிடம் தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு: "பிள்ளை எந்தச் சாதின்னு தெரிஞ்சுக்க முடியுங்களா?" திருமுழுக்குத் தொட்டியைக் கடந்து வந்த மக்களிடமிருந்து இக்கேள்வி எழுவது கொடுமை. நலமான குழந்தை வேண்டும் என்ற விருப்பத்தில் அச்சம் கலந்திருக்கிறது. அதை நான் புரிந்துகொள்கிறேன். சாதி கேட்பதில் அச்சமில்லை, ஆணவமே இருக்கிறது. முன்னதை அமர்ந்து பேசித் தெளியலாம். பின்னதற்கு மனமாற்றம் ஒன்றே மருந்து.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். அறநெறி இறையியல் கட்டளைக்கும் அறிவுரைக்கும் வேறுபாடு காண்கிறது. புனித தோமா அக்குவினார் விளக்கியபடி, கட்டளை அனைவரையும் கட்டுப்படுத்தும். அறிவுரை நிறைவை நாடுவோரை அழைக்கும், கட்டாயப்படுத்தாது. தத்தெடுப்பதே ஒருவர் மேல் கடமையாக விழுவதன்று. அவ்வாறிருக்க, இன்ன குழந்தையைத்தான் ஏற்க வேண்டும் என்று கட்டளையிட எவருக்கும் அதிகாரமில்லை. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடச் சொன்னவரும் ஆண்டவரே. தம் வலிமையை அறிந்து 'எங்களால் இயலாது' என்று உண்மையோடு எழுதுவது பாவமன்று. ஏற்றுக்கொண்டுவிட்டு, சுமை தெரிந்ததும் குழந்தையை இல்லத்திற்கே திருப்பி ஒப்படைப்பது அதைவிடப் பெருந்தீங்கு. அதுவும் இந்நாட்டில் நடக்கிறது.

ஆனால் நான் அதோடு நிறுத்தவில்லை. 'இயலாது' என்பது எதனால் என்று அவர்களையே எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஊரார் என்ன சொல்வார்கள் என்பதாலா? பிற்காலத்தில் சம்பாதித்துப் போடமாட்டான் என்பதாலா? பிள்ளை நமக்காக என்று எண்ணித் தத்தெடுப்பவர், நலமான பிள்ளையை எடுத்தாலும் ஏமாறுவார். இருபது வயதில் அவனும் பெங்களூருக்குப் போய்விடலாம். அல்லது, பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை என்பதாலா? அந்தக் கணவர் கடைசிக் காரணத்தைத்தான் சொன்னார். அவர் பீஸ் ரேட்டில் தைக்கிறார். ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட். மனைவி வேலையை விட்டால் வருமானம் ஏறக்குறையப் பாதியாகும். வாடகை குறையாது. இயன்முறைச் சிகிச்சைக்கு வாரத்தில் சில நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் செல்ல வேண்டும்; வளவில் பொதுக் கழிப்பறை வேறு. கடுமையான குறைபாடுள்ளோருக்கு மாநில அரசு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. உதவிதான்; ஆனால் ஒரு தாயின் கூலிக்கு அது ஈடாகுமா?

ஆகவே, 'இயலாது' என்ற அவர்களுடைய விடையில் அவர்கள் மட்டும் கையெழுத்திடவில்லை. குழந்தைக் காப்பகம் இல்லாத தொழிற்கூடமும், பக்கத்து வீட்டுக் குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள முன்வராத அன்பியமும் சேர்ந்தே கையெழுத்திட்டிருக்கின்றன. இல்லங்களில் காத்திருக்கும் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளில் கணிசமானோரை ஏற்பவர்கள் வெளிநாட்டுப் பெற்றோர். அவர்கள் நம்மைவிடப் புனிதர்கள் என்று நான் எண்ணவில்லை. அவர்களுடைய நாட்டில் சக்கர நாற்காலி ஏறும் பேருந்து இருக்கிறது. அதுவும் ஒரு காரணம்.

தத்தெடுப்போருக்குச் சொன்ன இந்தத் தளர்வு, தம் வயிற்றில் உருவான குழந்தையின் மட்டில் பெற்றோருக்கு இல்லை. இங்கே குழந்தை வந்தாகிவிட்டது. ஏற்பதா என்ற கேள்வியே கடந்துவிட்டது. கடவுள் அருளும் மக்களை அன்போடு ஏற்பீர்களா என்று திருமணத் திருப்பலியில் கேட்கப்பட்டபோது 'ஏற்போம்' என்று கூறியதில் விதிவிலக்கு எதுவும் சேர்க்கப்படவில்லை. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்திற்கு 2021-இல் வந்த திருத்தம், கருவில் கடுமையான குறை உண்டென மருத்துவக் குழு கண்டால் கால வரம்பையே நீக்கிவிட்டது. 1995-இல் 'உயிரின் நற்செய்தி' என்ற சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், குறையுள்ள கருவை அகற்றுவதற்கே பரிசோதனை பயன்படுத்தப்படுவதை வெளிப்படையாகக் கண்டித்தார். செக்கிங் மேசையில் சிறு ஓட்டை உள்ள பனியனை ஒதுக்குவது தொழில். வெளிநாட்டு வாங்குநர் அதை ஏற்கமாட்டார். வாரம் ஆறு நாள் அப்படி ஒதுக்கிப் பழகிய கண், மனிதரைப் பார்க்கும்போது வேறு கண்ணாக மாறியாக வேண்டும். அந்தப் பெண்ணே இதை வேறு சொற்களில் என்னிடம் சொன்னார். ஆதலால் இந்த ஒப்புமை என்னுடையதன்று.

கருவை அழிக்காதீர்கள் என்று பெற்றோரிடம் கூறும் திருச்சபை, பிறந்த அந்தக் குழந்தைக்குக் கோவிலில் என்ன இடம் தருகிறது? திருப்பலி நடுவே அக்குழந்தை சத்தமிட்டால் நூறு தலைகள் திரும்புகின்றன. இரண்டு ஞாயிறு பொறுத்த தாய், மூன்றாம் ஞாயிறு வாசலுக்கு வெளியே நிற்கிறாள், பிறகு வருவதில்லை. பிரான்சு நாட்டில் அறிவுத்திறன் குறைந்த இரு மகன்களைப் பெற்ற ஒரு தம்பதியரை லூர்து திருப்பயணக் குழு ஒன்று சேர்த்துக்கொள்ள மறுத்தது. அந்த வேதனையிலிருந்து 1971 பாஸ்காவில் ஏறத்தாழ 12,000 பேர் கூடிய திருப்பயணமும் 'விசுவாசமும் ஒளியும்' என்ற இயக்கமும் பிறந்தன. அதைத் தொடங்கியோருள் ஒருவரான ஜான் வனியேயின் பெயரைப் பழையபடி புகழ்ந்து எழுத இன்று இயலாது. அவர் பெண்கள் பலருக்கு இழைத்த தீங்கை, அவர் நிறுவிய 'லார்ஷ்' அமைப்பே 2020-இல் வெளிப்படுத்தியது. ஆயினும் கதவு மறுக்கப்பட்ட அந்தப் பெற்றோரின் உறுதி அவருடைய சொத்தன்று.

"என் மகனுக்கு எதுவும் புரியாதே, புதுநன்மை கொடுப்பார்களா?" என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் வெளியிட்ட 'அன்பின் அருட்சாதனம்' என்ற திருத்தூது ஊக்கவுரையில், அறிவுத்திறன் குறைந்தோர் தம் குடும்பத்தின், தம்மோடு நடக்கும் சமூகத்தின் விசுவாசத்தில் நற்கருணை பெறுகின்றனர் எனத் தெளிவாக்கியுள்ளார். மறைக்கல்வித் தேர்வில் வெற்றி பெறாததால் எந்தப் பிள்ளையும் திருவிருந்திலிருந்து விலக்கப்படத் தேவையில்லை. யோனத்தானின் மகன், இரு காலும் ஊனமுற்ற மெபிபொசேத்து, தாவீது அரசரின் பந்தியில் நாள்தோறும் அமர்ந்து உண்டார் என்று சாமுவேல் நூல் கூறுகிறது. தம்மைச் செத்த நாய் என்று தாழ்த்திக்கொண்டவருக்குத் தாவீது தந்தது உதவித்தொகை மட்டுமன்று. பந்தியில் ஓர் இடமும் தந்தார்.

இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் அனைவரும், பெற்றவராயினும் தத்தெடுத்தவராயினும், கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றே: எங்களுக்குப் பிறகு யார்? இதற்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒரு வழி செய்துள்ளது. புறவுலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்குப் பதினெட்டு வயதுக்குப் பின்னும் சட்டப்படியான காப்பாளரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய குழு அதற்கென ஒவ்வொரு மாவட்டத்திலும் அமைய வேண்டும். காப்பாளர் இரத்த உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தமக்கு நம்பிக்கையுள்ள ஒருவரைப் பெற்றோர் முன்மொழியலாம்.

திருமுழுக்கில் ஞானத்தாய், ஞானத்தந்தை என்று இருவரை நிறுத்துகிறோம். மோதிரமும் புத்தாடையும் வாங்கித் தரக்கூடியவர்களாகப் பார்த்தே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறோம். சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் திருமுழுக்குக்கு நாள் குறிக்க வருவோரிடம், நாளை அந்தக் காப்பாளர் விண்ணப்பத்தில் தம் பெயரை எழுதச் சம்மதிப்பவராகப் பார்த்து ஞானப்பெற்றோரைத் தேடுங்கள் என்று நான் இப்போது கேட்டுக்கொள்கிறேன். சிலர் தயங்கித் திரும்பிச் செல்கின்றனர். அண்மையில் பவர்டேபிள் வைத்திருக்கும் ஒருவர், வயது அறுபதைத் தொட்டவர், தமக்குப் பதில் தம் மகளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாம் அவ்வளவு நாள் இருக்கமாட்டோம் என்பதால்.